கோல்ஃப் ஸ்விங்: உடம்பைத் திருப்பப் பழகுங்கள், கை தானாக வரும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கோல்ஃப் மட்டையோடு என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் வீடுகள் நிறைய. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா ஒரு பழைய செட்டை விட்டுவிட்டுப் போயிருப்பார். பெங்களூரில் வேலை பார்க்கும் பையன் ஆபீஸ் நண்பர்களோடு ஒரு நாள் ஆடிப் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்ததும் மொட்டை மாடியில் மட்டையைச் சுழற்றிக்கொண்டிருப்பான். ஓய்வு பெற்றபின் உடம்புக்கு ஒரு வேலை வேண்டும் என்று தொடங்குகிறவர்களும் உண்டு. கோல்ஃப் என்றால் சென்னைக்கோ ஊட்டி, கொடைக்கானலுக்கோ போனால்தான் முடியும் என்று நினைத்து, அப்படியே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

விட வேண்டியதில்லை. ஸ்விங்கில், அதாவது மட்டையைச் சுழற்றி அடிக்கும் அசைவில், பெரும்பகுதியை இங்கேயே, பந்து இல்லாமலே கற்றுக்கொள்ளலாம். தொடக்கத்தில் பந்து இல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பந்து கண்முன் கிடந்தால் அதை ஓங்கி அடிக்க வேண்டும் என்ற வேகம் கைக்கு வந்துவிடும், உடம்பு அப்படியே நின்றுவிடும். நம் பக்கம் பெரும்பாலானவர்கள் சின்ன வயதில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடியவர்கள். வரும் பந்தைப் பார்த்துக் கையும் மணிக்கட்டும் சட்டென்று முடிவெடுக்கும் பழக்கம் ஊறிப்போயிருக்கும். கோல்ஃபில் பந்து அசையாமல் கிடக்கிறது. கை அவசரப்பட ஒரு காரணமும் இல்லை.

புட்டிங் (குழிக்கு அருகே பந்தை உருட்டி உள்ளே தள்ளுவது), விதிமுறை, ஸ்கோர் எழுதுவது எதையும் இங்கே தொடப்போவதில்லை. ஸ்விங்கில் உடம்பும் கையும் எப்படிச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது மட்டும்தான். வலது கைக்காரர்களுக்காக எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

என்ன வேண்டும்

பையில் 14 கிளப் (மட்டை) வரை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. பழக 7 அயர்ன் எனப்படும் நடுத்தர இரும்புக் கிளப் ஒன்று போதும். இடது கைக்கு ஒரு கிளவுஸ், ஒரு சின்னத் துண்டு, வழுக்காத ஷூ. கை நீட்டிக் கிளப்பைச் சுற்றினால் எதிலும் படாத இடம். மொட்டை மாடி என்றால் டிஷ் ஆன்டெனாவையும் துணிக்கொடியையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பொது மைதானத்திலோ கடற்கரையிலோ நிஜப் பந்தை அடிக்கவே கூடாது. 46 கிராமுக்குச் சற்றுக் குறைவான பந்துதான், ஆனால் பழகிய ஒருவர் டிரைவரால் (அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப்) அடித்தால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் கிளம்பும். புதியவர் அடித்தால் வேகம் குறையும், திசை இன்னும் மோசமாகும். காலையில் நடக்க வருகிறவர்களும் விளையாடும் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் அது விளையாட்டில்லை. பந்து அவசியம் வேண்டுமென்றால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பயிற்சிப் பந்தோ ஸ்பாஞ்சுப் பந்தோ வாங்கிக்கொள்ளுங்கள்.

வேகம் எங்கிருந்து வருகிறது

கிளப்பின் தலையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் 2000-இல் ஒரு பங்கு அளவுதான். மேலே போன கிளப் பந்துக்கு இறங்கி வர ஏறக்குறைய கால் நொடி. அதற்குள் கையைக் கொஞ்சம் திருப்பலாம், கிளப்பின் முகத்தை (பந்தில் படும் தட்டைப் பக்கத்தை) சரி செய்யலாம் என்று யோசித்துச் செய்ய யாராலும் முடியாது. அடிக்கும் கணம் நம் கையில் இல்லை. அதற்கு முன்னால் எது முதலில் நகர்கிறது, எது அப்புறம் நகர்கிறது என்ற வரிசை நம் கையில் இருக்கிறது.

நல்ல ஆட்டக்காரர்களின் உடம்பில் உணரிகளைப் பொருத்தி அளந்து பார்த்ததில் ஒரே வரிசை திரும்பத் திரும்பத் தெரிகிறது. இறங்கும்போது முதலில் இடுப்பு, அடுத்து மார்பும் தோளும், அதற்கடுத்துக் கை, கடைசியில் கிளப். இடுப்பு வேகமெடுத்து அடங்கும்போது அந்த வேகம் மார்புக்குப் போகிறது. மார்பு அடங்கும்போது கைக்கு, கை அடங்கும்போது கிளப்பின் தலைக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் கூடிக்கொண்டே போகிறது. கை முந்திக்கொண்டால் இந்தச் சங்கிலி அறுந்து, கையின் வலுவை மட்டும் நம்பி அடிக்க வேண்டியதாகிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் உப்பனாற்றிலோ சுண்ணாம்பாற்றிலோ வீச்சு வலை வீசுகிறவரைக் கவனியுங்கள். கயிறு மணிக்கட்டில் சுற்றியிருக்கும், வலையில் ஒரு பாதி முழங்கையில் தொங்கும், ஈயக் குண்டு கோத்த விளிம்பு மறு கையில் இருக்கும். வீசுவதற்கு முன் அவர் தண்ணீருக்கு முதுகு காட்டுகிற அளவுக்கு உடம்பைத் திருப்புவார். அப்புறம் முதலில் அசைவது பாதமும் இடுப்பும்தான். தோள் அதன் பின்னால் வரும். கை கடைசியில் விரிந்து விடும்போது வலை வட்டமாகத் தண்ணீரில் விழும். கையால் மட்டும் எறிந்தால் அந்த ஈரமான கனத்துக்கு வலை சுருண்டு பொத்தென்று விழுந்துவிடும். கோல்ஃப் ஸ்விங்கிலும் இதே வரிசைதான்.

வலு இருந்தால்தான் ஆட முடியும் என்ற பயமும் வேண்டாம். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரைச் சேர்ந்த கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் 4-ஆம் இடம் பிடித்தார். தூரம் அடிப்பதில் அவர் அங்கே முன்னணியில் இல்லை. ஒழுங்கான ஸ்விங்கும் நல்ல புட்டிங்கும் அவரைப் பதக்கத்தின் விளிம்பு வரை கொண்டுபோயின.

நிற்பது

இதில் அவசரப்பட்டால் பின்னால் எதுவும் சரியாக வராது. 7 அயர்னுக்குக் கால்களைத் தோள் அகலத்துக்கு வையுங்கள். கிளப்பைத் தொடைகள் இடுப்போடு சேரும் மடிப்பில் குறுக்காக வைத்து உள்ளே அழுத்துங்கள். பின்புறம் பின்னால் போகும், நெஞ்சு தானாக முன்னால் சாயும், முதுகு நேராகவே இருக்கும். குனிவது இங்கேதான், வயிற்றிலோ முதுகிலோ இல்லை. கூன் போட்டு நின்றால் தோள் திரும்பாது. இப்போதே நாற்காலியில் உட்கார்ந்தபடி கூன் போட்டு ஒரு முறை திரும்பிப் பாருங்கள், அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து திரும்பிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

முழங்காலைப் பூட்டாமல் லேசாகத் தளர்த்துங்கள், மிகவும் மடக்க வேண்டாம். எடை பாதத்தின் நடுவில் இருக்கட்டும். விரல் நுனியிலோ குதிகாலிலோ சாய்ந்தால் திரும்பும்போது தடுமாறும். கைகளைத் தோளிலிருந்து அப்படியே தொங்க விடுங்கள். தொங்கும் இடத்தில் கிளப்பைப் பிடியுங்கள். கைப்பிடியின் முனைக்கும் தொடைக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளி இருக்கும். பந்தை எட்டிப் பிடிப்பதற்காகக் கையை நீட்ட வேண்டியிருந்தால் நீங்கள் தள்ளி நிற்கிறீர்கள்.

பந்து 7 அயர்னுக்கு ஏறக்குறைய கால்களின் நடுவில், டிரைவருக்கு இடது குதிகாலுக்கு நேராக. பாதம், இடுப்பு, தோள் மூன்றும் இலக்குக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு துடைப்பக் கட்டையைத் தரையில் போட்டு அதை ஒட்டி நின்றாலே போதும்.

பிடிப்பது

கைப்பிடி இடது கையின் விரல்களில் படிய வேண்டும். உள்ளங்கையின் நடுவில் வைத்து இறுக்கினால் மணிக்கட்டு மடங்காது. பிடித்தபின் மேலிருந்து பார்த்தால் இடது கையில் இரண்டு விரல் முட்டிகளாவது தெரிய வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உண்டாகும் கோடு வலது தோளை நோக்கிப் போக வேண்டும். வலது கை அதற்குக் கீழே. வலது சுண்டுவிரலை இடது ஆள்காட்டி விரலின் மேல் சாய்த்துப் பிடிக்கும் முறையைப் பரவலாக்கியவர் ஹாரி வார்டன், பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை 6 முறை வென்றவர். சின்னக் கை உள்ளவர்கள் இரண்டு விரல்களையும் கோத்துக்கொள்ளலாம். பத்து விரலும் கைப்பிடியில் பட வைத்துப் பிடித்தாலும் தப்பில்லை.

எவ்வளவு இறுக்கம்? முழு பலம் 10 என்றால் 4 போதும். இறுகப் பிடித்தால் முன்கை விறைக்கும், முன்கை விறைத்தால் தோள் விறைக்கும், அப்புறம் உடம்பு திரும்பாது. நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் உள்ளங்கை வேர்த்து, வழுக்குமோ என்ற பயத்திலேயே பலர் இறுக்குகிறார்கள். பழைய செட்டில் கைப்பிடி ரப்பர் காய்ந்து பளபளப்பாகியிருக்கும். சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள், பிடிமானம் ஓரளவு திரும்பும். வெடித்துப் போயிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. ஸ்விங்குக்கு நடுநடுவே கையைத் துண்டால் துடைத்துக்கொள்ளுங்கள்.

கிளப் இல்லாமல் திரும்புவது

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். முதல் இரண்டு வாரம் இதை மட்டும் செய்தாலும் வீணில்லை.

கைகளை மார்பின் குறுக்கே மடித்து வைத்து, மேலே சொன்னபடி இடுப்பு மடிப்பில் குனிந்து நில்லுங்கள். இப்போது வலப்பக்கம் திரும்புங்கள். இடது தோள் முகவாய்க்குக் கீழே வந்து, முதுகு இலக்கைப் பார்க்க வேண்டும். தோள் 90 பாகை, இடுப்பு அதில் பாதி என்று பொதுவாகச் சொல்வார்கள். எல்லோருக்கும் அது வராது, வரவேண்டிய கட்டாயமும் இல்லை. வலது பின் பாக்கெட் உங்களுக்குப் பின்னால் போகிறதா என்று பாருங்கள். எடை வலது பாதத்தின் உட்புறத்தில் ஏற வேண்டும். வெளி விளிம்புக்குப் போய்விட்டால் நீங்கள் திரும்பவில்லை, பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறீர்கள். புதியவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்புவதாக நினைத்துக்கொண்டு நகர்கிறார்கள்.

வீட்டில் சுவர் இருக்கிறதல்லவா, அதுவே நல்ல வாத்தியார். பின்புறம் லேசாகச் சுவரில் படும்படி குனிந்து நில்லுங்கள். கிளப் வேண்டாம், சுவரில் இடிக்கும். பின்னால் திரும்பும்போது வலப் பின்புறம் சுவரில் ஒட்டியே இருக்கட்டும், இடப் பின்புறம் சற்று விலகும். முன்னால் திரும்பும்போது இடப் பின்புறம் சுவருக்கு வர வேண்டும். எந்தக் கட்டத்திலும் இரண்டும் சேர்ந்து சுவரை விட்டு விலகினால், இடுப்பு பந்தை நோக்கிப் போகிறது, உடம்பு எழுந்து நிற்கிறது என்று அர்த்தம். இடுப்பு முன்னால் வந்துவிட்டால் கைகள் போக வழியில்லாமல் மடங்கும். பந்தின் தலையில் தட்டுவதும், கிளப்பின் அடிக்கழுத்தில் பட்டுப் பந்து வலப்பக்கம் தெறிப்பதும் அநேகமாக இங்கிருந்துதான் வருகின்றன.

தலை எவ்வளவு அசைகிறது என்று பார்க்க நம் கடற்கரை ரொம்ப வசதி. சூரியன் எழுந்து கொஞ்சம் மேலே வந்தபின் தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். நிழல் உங்களுக்கு முன்னால் விழும். இலக்கு உங்கள் இடப்பக்கம், அதாவது தெற்கே. தலையின் நிழல் விழும் இடத்தில் செருப்பைக் கழற்றி வையுங்கள். இப்போது மெதுவாகத் திரும்புங்கள். தலை பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறதோ நிழலும் அவ்வளவே நகரும். செருப்பின் அகலத்துக்குள் நிழல் இருந்தால் நன்றாகத் திரும்புகிறீர்கள். வலப்பக்கம் சற்று நகர்ந்தால் கவலையில்லை. பின்னால் திரும்பும்போது நிழல் இடப்பக்கம், இலக்கை நோக்கிச் சாய்ந்தால் எடை தப்பான காலில் ஏறுகிறது. அதை உடனே திருத்த வேண்டும்.

50 வயதைத் தாண்டியவர்களும் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களும் உடம்பு திரும்பவில்லையே என்று வருந்த வேண்டாம். பின்னால் போகும்போது இடது குதிகாலைத் தூக்கிக்கொள்ளுங்கள். வலது பாதத்தைச் சற்று வெளியே திருப்பி வையுங்கள். இடுப்பு அதிகமாகத் திரும்ப வழி கிடைக்கும். கீழ் முதுகை வலுக்கட்டாயமாக முறுக்க மட்டும் வேண்டாம். கீழ் முதுகு எலும்புகள் எல்லாம் சேர்ந்தாலும் 10, 15 பாகை அளவுதான் திரும்பக்கூடியவை. திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்தும் மேல் முதுகிலிருந்தும் வர வேண்டும். பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கு அதிகம் அடிபடுவது கீழ் முதுகுதான். தினமும் பழகுவதற்கு முன் பத்து நிமிடம் நடந்து, இடுப்பை இரண்டு பக்கமும் வட்டமாகச் சுழற்றிவிட்டுத் தொடங்குங்கள். வலி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கை எங்கே சேர்கிறது

உடம்பு கிளப்பைச் சுற்றிக் கொண்டுபோகிறது. கை அதை மேலே தூக்கிக் கீழே இறக்குகிறது. கைக்கு வேலையே இல்லை என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள், அது சரியில்லை. இடது கை நீண்டிருக்க வேண்டும், வலது முழங்கை மடங்க வேண்டும், மணிக்கட்டு மடங்கிக் கிளப்பை நிமிர்த்த வேண்டும். இவை எல்லாம் உடம்பு திரும்பிக்கொண்டிருக்கும்போதே நடக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

முதல் இரண்டு அடி தூரத்துக்குத் தோளும் இரண்டு கைகளும் சேர்ந்த முக்கோணம் அப்படியே நகரட்டும். மணிக்கட்டு இன்னும் மடங்க வேண்டாம். கிளப் தரைக்கு இணையாக வரும்போது ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். கிளப்பின் மூக்கு (தலையின் வெளி முனை) வானத்தையோ, சற்றுப் பந்துப் பக்கம் சாய்ந்தோ பார்க்க வேண்டும். முகம் முழுக்க வானத்தைப் பார்த்தால் முன்கையைச் சுழற்றிவிட்டீர்கள். இன்னும் மேலே போய் இடது கை தரைக்கு இணையாகும்போது கையும் கிளப்பும் செங்கோணமாக நிற்க வேண்டும்.

இதற்குத் துண்டுப் பயிற்சியை விடச் சிறந்தது இல்லை. துண்டை மார்பின் குறுக்கே போட்டு அதன் இரண்டு முனைகளையும் இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொள்ளுங்கள். இப்போது பாதி ஸ்விங்: பின்னால் இடது கை தரைக்கு இணையாகும் வரை, முன்னால் வலது கை தரைக்கு இணையாகும் வரை. துண்டு விழக்கூடாது. விழுந்தால் கை உடம்பை விட்டுத் தனியாகப் போயிருக்கிறது. முழு ஸ்விங்கில் வலது அக்குள் திறக்கத்தான் செய்யும், ஆகவே இரண்டு பக்கத் துண்டை பாதி ஸ்விங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முழு ஸ்விங்குக்கு ஒரே ஒரு விதி: உடம்பு நின்ற இடத்தில் கையும் நிற்க வேண்டும். பலருக்கு மேலே போகும்போது தோள் திரும்பி முடிந்துவிடும், ஆனால் கை மட்டும் இன்னும் மேலே, தலைக்குப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். இடது முழங்கை மடங்கும், கிளப் கழுத்தைத் தட்டும். பார்க்கப் பெரிய ஸ்விங்காகத் தெரியும், ஆனால் அந்தக் கூடுதல் தூரத்தில் வேகம் ஒன்றும் சேராது. தொலைந்து போன கையைத் திரும்பக் கொண்டுவர உடம்பு காத்திருக்க வேண்டியிருக்கும், அது காத்திருக்காது. உங்கள் தோள் 70 பாகைதான் திரும்பும் என்றால் கையும் அங்கேயே நிற்கட்டும். முக்கால் ஸ்விங்கில் பந்து நடுவில் படுவது, முழு ஸ்விங்கில் ஓரத்தில் படுவதை விடத் தூரம் போகும்.

இறங்குவது

மேலே ஒரு கணம் நின்றது போலத் தோன்றும்போதே கீழே வேலை தொடங்கியிருக்க வேண்டும். எடை இடது பாதத்துக்கு வருகிறது, இடது இடுப்பு இலக்குப் பக்கம் திறக்கிறது. இவ்வளவும் நடக்கும்போது முதுகு இன்னும் இலக்கைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். கை இறங்குவது அதற்குப் பிறகு. இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், காலால் செய்து பார்த்தால் எளிது. கால்களைச் சேர்த்து வைத்து நில்லுங்கள். கிளப்பைப் பின்னால் கொண்டுபோங்கள். அது மேலே போய்ச் சேருவதற்குச் சற்று முன் இடது காலை இலக்குப் பக்கம் ஓர் அடி எடுத்து வையுங்கள். கால் ஊன்றியதும் ஸ்விங்கை விடுங்கள். கால் முதலில், கை அப்புறம் என்ற வரிசை வேறு வழியில்லாமல் வந்துவிடும்.

அப்புறம் காதுக்கு ஒரு பயிற்சி. கிளப்பைத் தலைகீழாக, தலைக்கு அருகில் பிடித்துச் சுழற்றுங்கள். காற்றைக் கிழிக்கும் சத்தம் எங்கே பலமாகக் கேட்கிறது? பந்து இருக்க வேண்டிய இடத்திலோ அதைத் தாண்டி இடப்பக்கமோ கேட்டால் வேகம் சரியான இடத்தில் வருகிறது. வலது காதுக்கு அருகில் கேட்டால் கை முந்திக்கொண்டு, மணிக்கட்டை மேலேயே அவிழ்த்துவிட்டது. எனக்குத் தெரிந்து புதியவர்களுக்கு இவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்லும் பயிற்சி வேறில்லை.

வலது தோள் பந்தை நோக்கி வெளியே பாய்வதையும் பாருங்கள். அது பாய்ந்தால் கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வரும். பந்து எந்தப் பக்கம் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் கிளப்பின் முகம் முடிவு செய்கிறது. எந்தப் பக்கம் வளையும் என்பது முகத்துக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. பாதை இடப்பக்கம் வெட்ட, முகம் அதைவிட வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளைந்து போகும். அதுதான் ஸ்லைஸ். பலர் பந்து வலப்பக்கம் போகிறதே என்று இன்னும் இடப்பக்கம் பார்த்து அடிக்கிறார்கள், வளைவு இன்னும் கூடும். மருந்து இறங்கும் வரிசையிலும் பிடியிலும் இருக்கிறது.

முடிக்கும்போது பெல்ட் பக்கிள் இலக்கைப் பார்க்கட்டும். எடை முழுக்க இடது காலில், வலது பாதம் விரல் நுனியில். அப்படியே மூன்று எண்ணும் வரை நில்லுங்கள். தடுமாறாமல் நிற்க முடியவில்லை என்றால் உங்களால் கட்டுப்படுத்த முடியாத வேகத்தில் சுற்றியிருக்கிறீர்கள். வேகத்தைக் குறையுங்கள்.

மணலில் ஒரு கோடு

அயர்னில் கிளப் தன் வட்டத்தின் மிகத் தாழ்ந்த இடத்தைப் பந்தைத் தாண்டியபின், இலக்குப் பக்கமாகத் தொட வேண்டும். முதலில் பந்து, அப்புறம் தரை. அது நடக்கிறதா என்று புல்வெளி இல்லாமலே பார்க்கலாம். அலை வந்து போன, கால் புதையாத ஈர மணல் போதும்.

குச்சியால் நீளமாக ஒரு கோடு கிழியுங்கள். கோடு உங்கள் இரண்டு கால்களுக்கு நடுவிலிருந்து தொடங்கி முன்னால் நேராகப் போக வேண்டும். பந்து இருக்க வேண்டிய இடம் அந்தக் கோட்டின் மேல். பாதி ஸ்விங் ஒன்று போடுங்கள். மணலில் கிளப் கீறிய தடத்தைப் பாருங்கள். கோட்டிலேயே தொடங்கி இடப்பக்கம் உள்ளங்கை நீளத்துக்குப் போனால் அருமை. கோட்டுக்கு வலப்பக்கம் தொடங்கியிருந்தால் எடை இன்னும் வலது காலிலேயே நிற்கிறது, அல்லது மணிக்கட்டு முன்கூட்டியே அவிழ்ந்திருக்கிறது. மணலே தொடப்படவில்லை என்றால் உடம்பு எழுந்துவிட்டது, அல்லது கை உள்ளே இழுத்துக்கொண்டது. தடம் குழியாக ஆழமாக இருந்தால் கிளப் செங்குத்தாக விழுகிறது, கையால் வெட்டுகிறீர்கள். தடம் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்பதும் செய்திதான். கடற்கரைக்கு இணையாக இல்லாமல் இடப்பக்கமாக உங்களை நோக்கிச் சாய்ந்திருந்தால், மேலே சொன்ன வெட்டுப் பாதை அது.

ஒரு தடம் பார்த்தபின் ஓர் அடி முன்னால் நகர்ந்து அடுத்தது. கோடு முடியும்போது உங்கள் ஸ்விங்கின் வரலாறு மணலில் வரிசையாகக் கிடக்கும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் குழிகளை மூடிவிடுங்கள். வலை இழுக்கிறவர்களும் பிள்ளைகளும் அதே வழியில்தான் நடக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கிளப்பை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காயவைத்து உள்ளே வையுங்கள். உப்பு நீர் காய்ந்தால் சில நாளிலேயே துரு பிடிக்கத் தொடங்கும்.

போன் வைத்துப் பார்ப்பது

இரண்டு கோணம் போதும். ஒன்று உங்களுக்கு நேர் எதிரே, நெஞ்சு உயரத்தில். இன்னொன்று இலக்குக் கோட்டின் பின்னால், கை உயரத்தில். ஸ்லோ மோஷனில் எடுங்கள். எதிர்ப் படத்தில் தலை எவ்வளவு நகர்கிறது, மேலே இடது கை மடங்குகிறதா, பந்தைத் தொடும்போது கை கிளப்பின் தலைக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பின் படத்தில் பின்புறம் நின்ற இடத்திலேயே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு குறையைத்தான் திருத்த முடியும். ஐந்து விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு சுற்றினால் ஒன்றும் நடக்காது.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். அதில் பாதி நேரம் கிளப் இல்லாமல் திரும்புவது, மீதி துண்டுடன் பாதி ஸ்விங். வாரத்துக்கு ஒரு முறை மணல். முழு ஸ்விங்கைக் கால் பங்கு வேகத்தில் தொடங்கி, ஒரு மாதத்துக்குப் பிறகு முக்கால் வேகத்துக்குக் கொண்டுபோகலாம். மேலே போகும் நேரம் இறங்கும் நேரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்கட்டும். மனதுக்குள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி மேலே போய், "விடு" என்று இறங்கினால் தாளம் பிடிபடும்.

ரேஞ்சில் முதல் நாள்

இந்த அளவு வந்தபின் சென்னைக்கு ஒரு நாள் போய், ரேஞ்ச் எனப்படும் பயிற்சித் திடலில் பந்து அடிக்கலாம். புதுச்சேரியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம். எந்த ரேஞ்ச் வெளியாருக்குத் திறந்திருக்கிறது, எத்தனை மணிக்கு, கிளப் வாடகைக்குக் கிடைக்குமா என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முடிந்தால் அங்கே ஒரு பயிற்சியாளரிடம் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். போன் படங்களைக் காட்டுங்கள். அவர் சொல்லும் ஒன்றிரண்டு விஷயங்களை எழுதி வைத்துக்கொண்டு ஊருக்கு வந்து பழகலாம்.

முதல் பத்துப் பந்தைக் கால்களைச் சேர்த்து வைத்து, பாதி ஸ்விங்கில் அடியுங்கள். கால் சேர்ந்திருக்கும்போது கையால் ஓங்கினால் விழுந்துவிடுவீர்கள் என்பதால் உடம்பு தானாகச் சமநிலை தேடும். அப்புறம் வழக்கமான நிலையில் 7 அயர்ன் மட்டும். மூன்று பந்துக்கு ஒரு முறை பந்து இல்லாமல் ஒரு ஸ்விங் போட்டுக்கொள்ளுங்கள். டிரைவர் பையிலேயே இருக்கட்டும்.

ரேஞ்சில் பெரும்பாலும் பாய் விரித்திருப்பார்கள். பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும் கிளப் பாயில் வழுக்கிப் பந்தைத் தட்டிவிடும், அடி நன்றாக விழுந்ததாகவே தோன்றும். அதனால் கொண்டுபோன துண்டை மடித்து, பந்துக்கு ஒரு சாண் பின்னால், வலப்பக்கம் வைத்துக்கொண்டு அடியுங்கள். கிளப் துண்டைத் தொட்டால் பந்து எவ்வளவு தூரம் போயிருந்தாலும் அந்த அடியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எடையை இடது காலுக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்த பந்தை வையுங்கள்.